தூண் விளக்கும் தூர தேசத்துச் சர்வரும்

தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர்ச் சாலையை ஒட்டி, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் கட்டிக்கொண்ட வீட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் காம்பவுண்டுச் சுவர் எழுப்பி முடித்தபோது, வாசற் கேட்டின் இரு தூண்களிலும், தோட்டத்துப் பாதையோரச் சிறு தூண்களிலும் வைஃபையில் இயங்கும் வண்ண விளக்குகளை வைக்கலாம் என்று யோசனை சொன்னவன் என் அக்காளின் மகன். தொலைபேசி இலாகாவில் எக்ஸ்சேஞ்சுப் பராமரிப்பிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவனாகையால் கம்பியும் ரிலேயும் எனக்குப் பரிச்சயமான வஸ்துக்கள். ஆயினும், கம்பியில்லாமல் கட்டளை ஏற்று நிறத்தையும் பிரகாசத்தையும் மாற்றிக்கொள்ளும் விளக்கு அந்த நாளில் எனக்கும் புதிதாகவே இருந்தது. படுக்கையில் இருந்தபடியே கேட் விளக்கை அணைக்கலாம், பொங்கலுக்கு ஒரு வர்ணம், கார்த்திகைக்கு ஒரு வர்ணம் என்று வைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் மருமான் விவரித்ததில் என் மனைவிக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. விளக்குகளைப் பொருத்த வந்த வயர்மேன், "போன்லயே அணைச்சுக்கலாமே சார், இதுக்குத் தனியா சுவிட்ச் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, தண்ணீர் மோட்டாருக்குப் போகும் லைனிலேயே அவற்றை நேராக இணைத்துவிட்டுப் போனார்.

முதலில் சில மாதங்கள் அவை குறை சொல்ல இடமின்றி எரிந்தன. மாலையில் ஏறும், இரவு பத்து மணிக்கு மங்கும், விடியலில் அணையும். இவ்வளவும் எப்படி நடைபெறுகிறது என்பதை மருமான் ஒருநாள் எங்கள் ரவுட்டரின் பதிவைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டிய பிறகுதான், நான் போனில் விரலை வைத்த கணத்தில் என் கட்டளை வீட்டை விட்டுப் புறப்பட்டு, கடலுக்கடியில் கிடக்கும் கேபிள் வழியாகத் தூர தேசத்துச் சர்வர் ஒன்றைச் சென்றடைந்து, அங்கே என் பெயரும் அடையாளமும் சரிபார்க்கப்பட்டு, அந்தச் சர்வரின் சம்மதத்தோடு மறுபடியும் அதே கடலைத் தாண்டித் திரும்பி வந்து, நான் நின்ற இடத்திலிருந்து பத்தடி தள்ளியிருந்த தூணுக்குள் நுழைகிறது என்று தெரிந்துகொண்டேன். கூடத்தில் இருப்பவர் சமையலறையில் இருப்பவருக்குத் தந்தி ஆபீசு வழியாகச் சேதி சொல்லி அனுப்புவதைப் போன்றது இது. மாலையில் ஏற்றும் நேரமும், காலையில் அணைக்கும் நேரமும் விளக்கில் இல்லை; அவையும் அந்தச் சர்வரின் கணக்கேட்டிலேயே எழுதப்பட்டிருந்தன.

2020 நவம்பர் 25-ஆம் தேதி இரவு நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. எங்கள் பகுதியில் அடையாற்றை நோக்கி ஓடும் வாய்க்கால்கள் நிரம்பித் தெருவில் தண்ணீர் புகுந்ததும், முன்ஜாக்கிரதையாகக் கரண்டை நிறுத்திவிட்டார்கள். கரண்ட் திரும்பி வந்தது, நெட் வரவில்லை. கரண்ட் வந்த கணத்திலேயே தூண் விளக்குகள் அத்தனையும் கண் கூசும் வெள்ளையில் முழுப் பிரகாசத்தோடு எரியத் தொடங்கின. யாரிடமிருந்தும் உத்தரவு வராததால், பகலென்றும் இரவென்றும் பாராமல் அப்படியே எரிந்துகொண்டிருந்தன. போனில் ஆப்பைத் திறந்தால், சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்ற ஒற்றை வாக்கியம். விளக்கை அணைக்க வேண்டுமானால் மோட்டார் லைனின் எம்சிபியை இறக்க வேண்டும். இறக்கினால் மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறாது. மழை விட்ட மாலையில் புற்றிலிருந்து புறப்பட்ட ஈசல்கள் அந்த வெள்ளை வெளிச்சத்தை நாடித் திரள் திரளாக வந்து, விடியலில் வாசற்படி முழுவதும் உதிர்ந்த சிறகுகளாகக் கிடந்தன. என் பணத்தில் வாங்கி, என் சுவரில் பொருத்தி, என் மீட்டரில் ஓடும் மின்சாரத்தில் எரிகிற விளக்கை அணைக்கும் அதிகாரம் எனக்கில்லை என்ற நிலைமை எனக்கு உண்மையாகவே மனவேதனை அளித்தது.

நெட் சில தினங்களில் வந்துவிட்டது. ஆனால் சர்வரை நடத்தும் கம்பெனியே ஒருநாள் கடையை மூடிவிட்டால் என்ன கதி என்ற கேள்வி அதற்குப் பிறகு என்னை விட்டு அகலவில்லை. இது வீண் பயமன்று. அமெரிக்காவில் ரிவால்வ் என்ற வீட்டுச் சாதனத்தின் சர்வரை அதன் உரிமையாளராகிய நெஸ்ட் நிறுவனம் 2016 மே மாதத்தில் நிறுத்தியபோது, பணம் கொடுத்து வாங்கியவர்களின் மேஜை மீது அது வெறும் பிளாஸ்டிக் பெட்டியாகிவிட்டது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் மௌனமாகிவிட, அதன் வாடிக்கையாளர்கள் சிலர் ஒன்றுகூடிக் கம்பெனியின் சொத்துக்களையே விலைக்கு வாங்கிச் சர்வரை மறுபடி ஓடச் செய்ய வேண்டியதாயிற்று.

"மாமா, இந்த விளக்கைத் தூக்கிப் போட வேண்டாம். உள்ள இருக்கிற ஃபர்ம்வேரை எடுத்துட்டு வேற ஒண்ணை வச்சிடலாம்" என்றான் மருமான். சாதனத்துக்குள்ளேயே பதிந்திருந்து அதை இயக்கும் நிரலைத்தான் ஃபர்ம்வேர் என்கிறார்கள். எங்கள் விளக்குக்குள் இருந்தது இஎஸ்பி8266 என்னும் சிப். ஷாங்காய் நகரத்து எஸ்பிரெசிஃப் நிறுவனம் தயாரித்து, 2014-இல் மலிவு விலையில் சந்தைக்கு வந்த இந்தச் சிப், சிறிய கம்ப்யூட்டரையும் வைஃபை வானொலியையும் ஒரே சில்லில் அடக்கிக்கொண்டிருப்பதாகையால், பல்பு, பிளக், மின்விசிறி ரெகுலேட்டர் என்று உலகெங்கும் வீட்டுச் சாமான்களுக்குள் புகுந்துவிட்டது. 2016-இல் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த தியோ ஆரெண்ட்ஸ் என்பவர், தாம் வாங்கிய வைஃபை சுவிட்சு அயலார் சர்வரைச் சாராமல் இயங்க வேண்டும் என்று கருதி ஒரு ஃபர்ம்வேரை எழுதத் தொடங்கினார். டாஸ்மோட்டா என்று பெயர் பெற்ற அது, பல தேசத்தவருடைய உழைப்பினால் விருத்தியடைந்து, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளவும் திருத்தவும் உரிமை உடையதாய் இன்றும் வளர்ந்து வருகிறது. முகம் அறியாத மனிதர்களுக்காக இவ்வளவு சிரத்தையோடு வேலை செய்து, அதைத் தானமாகக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களை நினைக்கும்போது எனக்கு அவர்கள் மீது உண்டாகும் மரியாதை சாதாரணமானதல்ல.

விளக்கைத் திறக்காமலே வைஃபை வழியாகப் புது ஃபர்ம்வேரை ஏற்றும் உபாயம் ஒன்றும் சில காலம் இருந்தது. 2018 டிசம்பரில் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் நடைபெற்ற கயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸில் மிக்கேல் ஸ்டைகர்வால்ட் என்பவர், இத்தகைய மலிவு பல்புகளின் உள் ரகசியங்களை விரித்துக் காட்டிய பிறகு அது வழக்கத்துக்கு வந்தது. பின்னர் தாமாகவே வந்து புகுந்த அப்டேட்டுகள் அந்த வாயிலை அடைத்துவிட்டன. ஆகவே எங்களுக்குத் திருப்புளியைத் தவிர வேறு மார்க்கம் இல்லை.

வேண்டிய சாமான்களுக்காக ரிச்சி தெருவுக்குப் போனோம். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், மீரான் சாகிபு தெருவும் நரசிங்கபுரம் தெருவும் பின்னிக் கிடக்கும் அந்தச் சந்துகளில் கிடைக்காத மின்னணுச் சாமான் அபூர்வம். கம்ப்யூட்டரின் யூஎஸ்பி வாயிலிலிருந்து சிப்போடு பேசுவதற்கான சிறு சீரியல் போர்டு, மெல்லிய சால்டர் கம்பி, ஃபிளக்ஸ், ஈயத்தை உறிஞ்சியெடுக்கும் பின்னிய செப்புத் திரி ஆகியவற்றை வாங்கினோம். கடைக்காரர் சீரியல் போர்டைக் கையில் எடுத்து, அதன் மேலிருந்த ஜம்பரை நகத்தால் தட்டிக் காட்டி, "சார், இதை 3.3க்கு மாத்திப் போட்டுக்குங்க. 5 வோல்ட் ஏத்தினீங்கன்னா சிப்பு போயிடும்" என்றார். அதோடு நில்லாமல், அந்தப் போர்டு தரும் 3.3 வோல்ட்டில் 50 மில்லியாம்பியருக்கு மேல் இழுக்க முடியாது என்றும், வைஃபை சிப்போ பேசத் தொடங்கும்போது அதைப் போலப் பல மடங்கு கேட்கும் என்றும் சொல்லி, தனி ரெகுலேட்டர் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். இந்த ஒரு விஷயத்தை அறியாமல், சிப் பதில் சொல்லவில்லையே என்று வாரக்கணக்கில் தவிப்பவர்கள் உண்டு. அந்தத் தெருவின் ஞானம் எந்தப் புஸ்தகத்திலும் அச்சாகியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மெயினை இறக்கி, கேட் தூணிலிருந்து கழற்றிய முதல் விளக்கைச் சாப்பாட்டு மேஜை மீது பழைய செய்தித்தாளை விரித்து வைத்தோம். அடியில் அலுமினிய உடல். மேலே பால் நிறப் பிளாஸ்டிக் கூண்டு. இரண்டும் சேரும் விளிம்பில் சாம்பல் நிறச் சிலிக்கான் பூச்சு. பெட்டியில் ஐபி65 என்று போட்டிருந்தது. அதாவது தூசி சிறிதும் புகாது, எத்திசையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சினாலும் கேடு விளையாது என்று பொருள். அந்த வாக்குறுதியைக் காப்பாற்றுவது விளிம்பில் ஓடும் இந்த மெல்லிய பூச்சேயாகையால், அதைப் பிரிப்பதில் அவசரம் கூடாது. தலை உலர்த்தும் யந்திரத்தின் வெப்பக் காற்றை விளிம்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, சிலிக்கான் இளகிய இடத்தில் சவரப் பிளேடைச் செருகி, அங்குலம் அங்குலமாக நகர்த்தி வந்ததில், கூண்டு மெல்லிய பெருமூச்சு விட்டுக் கையோடு வந்தது.

உள்ளே வட்டமான அலுமினியத் தகட்டின் மீது மஞ்சள் பொட்டுகளாக வெள்ளை எல்இடிகளும், அவற்றுக்கு நடுவே நிறமற்ற கண்களாக வண்ண எல்இடிகளும் பதிந்திருந்தன. தகட்டின் மையத்தில் ஒரு நீள் துவாரம். அதன் வழியே நகக்கண் அளவுக்கு ஒரு பச்சைப் போர்டின் நுனி எட்டிப் பார்த்தது. அந்த நுனியில் வளைந்து வளைந்து செல்லும் செப்புக் கோடுதான் வைஃபை ஆன்டெனா. உலோகத்துக்கு அடியில் இருந்தால் வானொலி அலை எட்டாது என்பதற்காக, அந்த நுனியை மட்டும் தகட்டுக்கு மேலே நீட்டி வைத்திருக்கிறார்கள். முகம் தெரியாத அந்த இன்ஜினீயரின் சாதுரியத்தை நான் வெகுநேரம் ரசித்தேன். தகட்டை நெம்பி எடுத்தால் அதன் முதுகில் வெண்ணெய் போன்ற வெப்பம் கடத்தும் பேஸ்ட். அதற்கும் கீழே, மின்சாரத்தைப் பக்குவப்படுத்தும் டிரைவர் போர்டு.

இந்த இடத்தில்தான் உயிருக்கு ஆபத்து இருக்கிறது. நம் வீட்டு 230 வோல்ட் மாறு மின்சாரத்தை நேராக்கும்போது அதன் உச்சம் 325 வோல்ட்டை எட்டுகிறது. அதைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர், மெயினை அணைத்த பிறகும் சற்று நேரம் அந்த வலுவைத் தன்னுள் வைத்திருக்கும். அன்றியும், மலிவு விளக்குகளின் டிரைவரில் டிரான்ஸ்பார்மர் மூலம் மின்சாரத்தைப் பிரித்து வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. சிப்பின் கிரவுண்ட் என்று நாம் நினைக்கும் முனை மெயினோடு நேர்த் தொடர்பு கொண்டிருக்கும். விளக்கு மெயினில் எரிந்துகொண்டிருக்கையில் சீரியல் கம்பியை மாட்டினால் கம்ப்யூட்டரும் போகும், அதைத் தொட்டுக்கொண்டிருப்பவரின் உயிரும் போகும்.

"மாமா, கெப்பாசிட்டர்ல மிச்சம் இருக்கும்; கையை வச்சுடாதீங்க."

"இருடா, மீட்டர்ல பார்த்துட்டுத்தான் தொடுவேன்" என்றேன். மீட்டர் முள் இறங்கும் வரை ஒரு ரெசிஸ்டரைக் கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் வைத்துப் பிடித்திருந்தோம்.

சிப் இருந்த சிறு போர்டின் இரு விளிம்புகளிலும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக ஈயப் பொட்டுகள். கிரவுண்ட், 3.3 வோல்ட், அனுப்பும் முனை, வாங்கும் முனை, ஜிபிஐஓ 0 என்னும் இவ்வைந்துக்கும் கம்பி பற்றவைக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சில் கேபிள் சட்டங்களில் ஓடும் ஜம்பர் கம்பித் துண்டுகள் என்னிடம் இன்னும் இருந்தன; கையும் நடுக்கம் அறியாதிருந்தது. பூதக்கண்ணாடியின் கீழே, ஃபிளக்ஸைத் துளி தடவி, அயர்ன் நுனியைக் கண்ணிமைக்கும் நேரமே வைத்து எடுத்தால் ஈயம் பளபளவென்று பொட்டில் படரும். அந்தப் பளபளப்பைக் கண்டதும் உண்டாகும் திருப்தி, வேலை பழகிய கைகளுக்கு மட்டுமே தெரியும். பிறகு ஒரு முனையின் அனுப்பும் கம்பியை மறுமுனையின் வாங்கும் கம்பியோடு குறுக்காக இணைத்து, ஜிபிஐஓ 0-ஐக் கிரவுண்டோடு சேர்த்துப் பிடித்தபடி 3.3 வோல்ட்டைக் கொடுத்தோம். விழிக்கும் தருணத்தில் அந்த முனை கிரவுண்டில் இருந்தால், சிப் தன் வழக்கமான வேலையைத் தொடங்காமல், புதிய பாடத்தைக் கேட்கக் காத்திருக்கும்; அதை அமைத்த கம்பெனியே திறந்து வைத்த கதவு அது.

புதியதை ஏற்றுவதற்கு முன் பழையதைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் மருமான் கண்டிப்பாக இருந்தான். ஒரு மெகாபைட் நினைவகம் முழுவதையும் உருவி எடுக்க ஒன்றரை நிமிஷம் பிடித்தது. அந்தப் பிரதியைத் திரையில் விரித்து, புரியாத எண்களும் குறிகளுமாக ஓடிய பக்கங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவன், சட்டென்று நிறுத்தி என்னைக் கூப்பிட்டான். அங்கே, குப்பைக் குறிகளுக்கு நடுவில், எந்த மறைப்பும் பூட்டும் இன்றி, எங்கள் வீட்டு வைஃபையின் பெயரும், அதையடுத்து என் தாயாரின் பெயரோடு கதவிலக்கத்தைச் சேர்த்து நான் அமைத்திருந்த பாஸ்வேர்டும் பளிச்சென்று எழுத்தெழுத்தாக இருந்தன. தெருவோரத் தூணில் இருக்கும் விளக்கு அது. இரவில் கழற்றிக்கொண்டு போகிறவனோ, குப்பையில் கிடப்பதைப் பொறுக்கி எடுப்பவனோ, எங்கள் வீட்டு வலைக்குள் தாராளமாக நுழைந்துவிடலாம். லைப்சிக் கூட்டத்தில் காட்டப்பட்ட குறையும் இதுவே. அன்றே பாஸ்வேர்டை மாற்றினேன். விளக்குகளுக்கென்று தனி வைஃபை ஒன்றையும் ஏற்படுத்தி, அதிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டர்களை எட்ட முடியாதபடி செய்தோம். ஃபர்ம்வேரை மாற்ற விரும்பாதவர்களுக்கும் இந்த ஏற்பாட்டை நான் வற்புறுத்திச் சொல்வேன்.

டாஸ்மோட்டாவை ஏற்றி, ஜிபிஐஓ 0-ஐ விடுவித்து மறுபடி மின்சாரம் கொடுத்ததும், விளக்கு தன் பெயரிலேயே சிறு வைஃபை ஒன்றைப் பரப்பிற்று. அதில் சேர்ந்து 192.168.4.1 என்ற முகவரியைத் திறந்து, எங்கள் புது வைஃபையை அதற்கு அறிமுகம் செய்து வைத்தோம். எந்த முனை எந்த நிறத்தை ஆள்கிறது என்பதை அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது எங்கள் பொறுப்பு. மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்து ஒவ்வொரு தடத்தையும் பின்பற்றியதில், நாலாம் முனை சிவப்பு, பன்னிரண்டு பச்சை, பதினாலு நீலம், ஐந்து குளிர் வெள்ளை, பதின்மூன்று இளமஞ்சள் வெள்ளை என்று துலங்கியது. கம்பிகளை அகற்றி, போர்டை அதன் இடத்தில் அமர்த்தி, பேஸ்டைப் புதிதாகத் தடவி, கூண்டை மூடி மெயினைக் கொடுத்தபோது, ரவுட்டரிலிருந்து நெட் கேபிளை நானே பிடுங்கி வைத்திருந்தேன். விளக்கு சிவப்பாக எரிந்தது; போனில் சொன்னபடி மங்கியது; அணைந்தது. என் மனைவி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப யாரையும் கேக்காம எரியுதா?" என்று கேட்டாள்.

மூடுகிற வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் கிடைக்கும் சிலிக்கானில் காடி நெடி வீசும் ரகம் ஒன்று உண்டு. அது உலரும்போது வெளிவிடும் அமிலம் செப்பை அரித்துவிடும். கண்ணாடிக்கும் குளியலறைக்கும் அது போதும். மின் சாமானுக்கு நியூட்ரல் ரகத்தையே கேட்டு வாங்க வேண்டும். எரியும்போது விளக்குக்குள் காற்று சூடேறி விரிகிறது. அந்தச் சமயத்தில் மழை அடித்துச் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே இறுக்கம் குறைந்து, மயிரிழை போன்ற இடுக்கு இருந்தாலும் அதன் வழியாக நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஐப்பசி மழையைத் தாங்க வேண்டிய விளக்கின் ஆயுள், ஃபர்ம்வேரைக் காட்டிலும் இந்தப் பூச்சின் ஒழுங்கையே பெரிதும் நம்பியிருக்கிறது. ஓர் இரவு முழுவதும் உலரவிட்ட பிறகே ஒவ்வொன்றையும் தூணில் ஏற்றினோம்.

2022-இல் பின்கட்டுக்காக அதே விளக்கு இன்னும் சில வாங்கினோம். அதே பெட்டி, அதே படம், அதே பெயர். திறந்தால் உள்ளே முற்றிலும் வேறு சிப், பிகே7231என் என்பது. டாஸ்மோட்டா அதில் ஓடாது. பெட்டியின் மேல் ஓர் எழுத்துக்கூட மாறாமல் உள்ளிருப்பதை மாற்றிவிடுவது வாங்குகிறவருக்குச் செய்யும் நியாயமல்ல என்பது என் திடமான அபிப்பிராயம். ஆனால் அதற்குள் அந்தச் சிப்புக்கென்றே ஓப்பன்பீக்கன் என்ற இலவச ஃபர்ம்வேரை வேறு சில நல்லவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். இதில் ஜிபிஐஓ 0 வித்தை கிடையாது. கம்ப்யூட்டர் நிரல் சிப்பைத் தேடிக்கொண்டிருக்கும் வேளையில், ரீசெட் முனையாகிய சிஇஎன்-ஐ ஒரு கணம் கிரவுண்டில் தொட்டு விட வேண்டும். தொடும் நேரம் பிசகினால் நிரல் தேடிக்கொண்டே இருக்கும். மருமான் திரையைப் பார்த்து "இப்ப!" என்பான், நான் தொடுவேன். வேலை கைக்கு வந்துவிட்டது.

இனி விளக்குகள் எப்படி எரிய வேண்டும் என்பது எங்கள் விருப்பமாயிற்று. சென்னைப் பக்கத்தில் நவம்பர் கடைசியில் சூரியன் ஐந்தே முக்காலுக்கு முன்பே மறைந்துவிடுகிறான். ஜூலையில் ஆறரைக்கு மேலாகிறது. எங்கள் ஊரின் அட்சரேகை 12.9, தீர்க்கரேகை 80.1 என்று கொடுத்துவிட்டால், அஸ்தமன நேரத்தை டாஸ்மோட்டா அன்றன்றைக்குத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. அதற்கு மணி மட்டும் சரியாகத் தெரிய வேண்டும். கரண்ட் போய்வந்தால் சிப் நேரத்தை மறந்துவிடும். நெட்டும் இல்லாவிட்டால் கேட்டறிய வழியில்லை. ஆகையால் ஒரு ராஸ்பெரி பை சிறு கம்ப்யூட்டரில், பட்டன் பேட்டரியோடு ஓடும் டிஎஸ்3231 கடிகாரச் சிப்பை இணைத்து, வீட்டுக்குள்ளேயே விளக்குகளுக்கு மணி சொல்ல ஏற்பாடு செய்தோம். குளிர் வெள்ளையையும் நீலத்தையும் மழைக்காலத்தில் அடியோடு நிறுத்தி, சிவப்பும் பச்சையும் கலந்த இளம் பொன்னிறத்தை வைத்தேன். பூச்சிகளைப் பெரிதும் ஈர்ப்பவை நீலமும் புற ஊதாவுமேயாகையால், ஈசல் வரத்து கண்கூடாகக் குறைந்தது. உச்சப் பிரகாசத்துக்கும் ஒரு வரம்பு கட்டினோம். டிரைவரில் உள்ள கெப்பாசிட்டர்கள் பத்து டிகிரி குளிர்ச்சியாக இருந்தால் ஏறக்குறைய இரட்டிப்பு ஆயுள் பெறும் என்பது மின்னணுத் துறையில் பழகிய கணக்கு. விற்றவர்கள் தராத இந்த வசதியால் வெளிச்சம் சற்றுக் குறைந்ததைத் தவிர நஷ்டம் ஒன்றுமில்லை.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையை மூழ்கடித்தபோது எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. கரண்ட் திரும்பிய பிறகும் நெட் வருவதற்கு வெகு நாளாயிற்று. ஆயினும் முதல் மாலையிலேயே, அஸ்தமன வேளையில், கேட் விளக்குகளும் பாதை விளக்குகளும் பொன்னிறமாக ஏறின. பாலுக்கும் மருந்துக்கும் தண்ணீரில் நடந்து போய்வந்தவர்கள் அந்த வெளிச்சத்தில் திறந்த கால்வாய் எங்கே இருக்கிறது என்று பார்த்து நடந்தார்கள். கூண்டுகளில் ஒன்றிலும் ஈரப் படலம் காணவில்லை.

நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24-இல், சாமான்களைப் பழுது பார்த்துக்கொள்ளும் உரிமைக்கென்று ஒரு தகவல் வாயிலைத் திறந்தது. விவசாயக் கருவிகள், மொபைலும் மின்னணுச் சாமான்களும், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்னும் நான்கு துறைகளை அது தழுவுகிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இத்தகைய சாதனங்களுக்கு எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்பதைத் தயாரிப்பாளர் பகிரங்கமாக அறிவித்தாக வேண்டும். நம்மவர்களும் இன்னும் ஓரடி முன்னே வைத்து, நெட் இல்லாமலும் சர்வர் இல்லாமலும் இந்த விளக்கு எதெதைச் செய்யும் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிடச் செய்ய வேண்டும் என்றும், சர்வரை நிறுத்தும் கம்பெனி அதற்கு முன் ஃபர்ம்வேரை மாற்றும் வழியை வாங்கியவர்களுக்கு வெளியிட வேண்டும் என்று விதிக்க வேண்டும் என்றும் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பிளேடும் அயர்னும் எடுத்து 325 வோல்ட்டின் அருகே எல்லோரும் உட்கார முடியாது, உட்காரவும் கூடாது. அந்தச் சட்டம் வரும் வரையில், வைஃபை விளக்கு வாங்கப் போகிறவர்கள் பணத்தை எடுப்பதற்கு முன், கடையின் ரவுட்டரிலிருந்து நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, அந்த விளக்கை ஒரு தரம் ஏற்றி அணைத்துக் காட்டும்படி கடைக்காரரைக் கேட்க வேண்டுகிறேன்.